அமாவாசைக்கு மட்டும் கேமரா

“சத்தியம் எல்லாம் வேணாம் தம்பி. சத்தியம் பண்றவங்களத்தான் நாங்க முதல்ல சந்தேகப்படுவோம்” என்றான் திருமலை.

தன் தலையில் தானே அடித்துச் சத்தியம் செய்யத் தூக்கிய கையைத் தென்னரசு கீழே போட்டான்.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் நிறுவனம். நிறுவனம் என்றால் மொத்தமே இரண்டு பேர்தான். ஒருவர் ஸ்வர்ணலதா. ஐம்பது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. மாப்பிள்ளை குடிப்பானா, சீட்டாடுவானா, வேறு ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்று கல்யாணத்துக்கு முன்னால் விசாரித்துச் சொல்வதில் அந்த அம்மாளை அடிக்க ஆள் கிடையாது. இன்னொருவன் திருமலை. முன்னாள் ஷேர் ஆட்டோ டிரைவர், இந்நாள் உதவியாளன். வாய் மட்டும் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்களே, அந்த ரகம்.

“மேடம், இவன் என் உயிர் நண்பன்” என்றான் தென்னரசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பன்னீர்செல்வம். “தெள்ளார் பக்கம் கபடி ஆடிகினு சும்மா சுத்திகினு இருந்தவன நான்தான் கூட்டியாந்து எங்க தெருவுல தறில உக்கார வெச்சேன். இவன் அந்த மாதிரி வேல செய்ய மாட்டான் மேடம். நான் சொல்றேன்.”

சொல்லிக்கொண்டே தென்னரசின் தோளை இறுக்கிப் பிடித்தான். பிடித்த இடத்தில் சட்டை ஈரமாயிற்று. பன்னீரின் உள்ளங்கை எப்போதும் அப்படித்தான், மார்கழியிலும் வேர்க்கும். அந்த ஈரம்கூட அன்றைக்குத் தென்னரசுக்கு ஆறுதலாக இருந்தது. ஊரே துப்பிய பிறகு இவன் ஒருத்தனாவது கூட இருக்கிறானே!

விஷயம் இதுதான். சுப்பராயலு என்கிற பட்டு முதலாளி ஒரு புதுப் புடவைக்கு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். கருநீலத்தில் தொடங்கும் உடல், கண்ணுக்குத் தெரியாமல் நிறம் மாறி மாறி, கடைசியில் ரோஜா நிறத்தில் முடியும். அந்த வித்தை முழுக்கப் பாவில்தான், அதாவது புடவையின் நீளத்துக்கு ஓடும் பட்டு இழைகளில்தான் இருக்கிறது. பாவைப் பார்த்தவன் புடவையைப் பார்த்த மாதிரி. தறியில் முதல் புடவை இறங்குவதற்குள், ஊர் எல்லையில் இருக்கிற ஒரு பவர்லூம்காரன் அதே நிறங்களில் புடவை அடித்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டான். சென்னைக் கடைக்காரர் சுப்பராயலுவுக்குக் கொடுத்திருந்த ஆர்டரை நிறுத்திவிட்டு, ஒரு போட்டோவையும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். ‘உங்க தெருவுலேந்தே போனதுதான் இது.’

தறியில் ஏற்றுமுன் தெருவில் நீட்டிய பாவு, பின்னால் பிள்ளையார் கோயில் முனை. அந்தக் கோணத்தை ஆரணியில் தெரியாதவர் இல்லை. ஆறு வருஷமாகத் தென்னரசு அந்த முனையை அதே இடத்தில் நின்று படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டு வருகிறான்.

“அஞ்சு மணிக்கு சங்கக் கட்டடத்துல கூட்டம் மேடம்” என்றான் தென்னரசு. “இனிமே எந்தத் தெருவுலயும் எனக்குத் தறி குடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணப் போறாங்க. வெளியூர்க்காரன் புத்தியக் காட்டிட்டான்னு பேசறாங்க. எனக்குத் தறிய விட்டா ஒண்ணும் தெரியாதுங்க.”

ஸ்வர்ணலதா அவனுடைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டை அகழி, கமண்டல நாகநதிப் பாலம், மார்க்கெட் வாசல், பிள்ளையார் கோயில் முனை, சேத்துப்பட்டு ரோட்டுப் புளியமரம். திரும்பவும் அகழி, பாலம், மார்க்கெட்.

“எடுத்த எடத்தையே எடுத்துகினு இருந்தா உனக்கு அலுக்கல?” என்றான் திருமலை. “எனக்கெல்லாம் ஆதார் கார்டு போட்டோவே ரெண்டாவது தடவ பாக்கப் புடிக்காது.”

“ஒரே எடம்தாண்ணே, ஆனா ரெண்டு தடவ ஒரே மாதிரி இருந்ததில்ல. ஆத்துல தண்ணி வந்த அன்னிக்கு பாலத்து மேல ஊரே நின்னுகினு இருந்துச்சி. அடுத்த படத்துல முள்ளுச்செடிதான். அந்தப் புளியமரத்த ரோட்டுக்காக வெட்டிட்டாங்க. வெட்டுன அப்புறமும் அங்கயே நின்னு எடுத்துகினு இருக்கேன்.”

“எந்தெந்த நாள்ல எடுப்பே?” என்றார் ஸ்வர்ணலதா.

“அமாவாசைல மட்டும்தாங்க. அன்னிக்குத்தானே எங்களுக்கு லீவு.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “அதான பாத்தேன். உன் படத்துல எதுலயும் தெருவுல ஒரு நூல்கூட இல்ல. அமாவாசைல தறி ஓடாது, பாவும் நீட்ட மாட்டாங்க. தெருவுல பாதிப் பேர் மேல்மலையனூர் கோயிலுக்குப் போற பஸ்ஸுல தொங்கிகினு இருப்பாங்க. அப்ப இந்தப் படம் மட்டும் எப்படிப் பாவோட இருக்குது?”

தென்னரசுக்குச் சட்டென்று மூச்சு வந்தது. “நான் வேணும்னேதாங்க அமாவாசையப் புடிச்சேன். பாவு நீட்டற தெருவுல கேமராவ எடுக்கக் கூடாது. தெருவுக்குத் தெரிஞ்சது தெருவத் தாண்டக் கூடாதுன்றது எங்க வழக்கம். யார் பாவு என்ன நிறம்னு பக்கத்துத் தெருவுல கேட்டாகூட வாயத் திறக்க மாட்டோம்.”

“அப்ப முடிஞ்சது கேஸு!” என்று பன்னீர் எழுந்தே விட்டான். “மேடம், நீங்க கூட்டத்துல வந்து இத மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதும்.”

“உக்காருப்பா. லீவு இல்லாத நாள்லயும் இவன் எடுத்திருக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டா நான் எங்க போவேன்? இந்தப் படத்தோட ஓரம் நாலு பக்கமும் வெட்டியிருக்கு. வெட்டாத படம் எனக்கு வேணும்.”

“அது பவர்லூம்காரன்கிட்டதான் இருக்கும்” என்றான் திருமலை.

பன்னீர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். “அங்கயா? வேணாம் மேடம், அவனுங்க ஒரு மாதிரி. நான் வந்தா கைகலப்பு ஆயிடும். நீங்க போங்க, நான் கூட்டத்துல நாலு பேர நம்ம பக்கம் பேச வெக்கறேன்” என்றவன், தென்னரசின் தலையைத் தடவிவிட்டுப் போனான். போகிறவனையே பார்த்துக்கொண்டிருந்த தென்னரசுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவன்கூட இப்படி அலையமாட்டான் என்று நினைத்துக்கொண்டான்.

பவர்லூம் ஷெட்டுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வேப்பமர நிழலில் ஆட்டோவை நிறுத்தினான் திருமலை. பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். கழுத்தில் ஒரு தடிச் சங்கிலி ஏறியது.

“கவரிங் மேடம். ஆனா நடையில தங்கம் தெரியும் பாருங்க. செங்கல்பட்டுல நாலு ஜவுளிக்கட வெச்சிருக்கேன்.”

“நாலு எதுக்குடா? ரெண்டு போதும்.”

“பொய்தானே மேடம், அதுல இன்னா கஞ்சத்தனம்?”

உள்ளே போனவன் வரவில்லை. தறிச் சத்தம் மண்டையில் இறங்கியது. தென்னரசு கைப்பேசியில் மணியைப் பார்த்தான், மூன்றரை. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அவன் ஆரணியில் இருப்பானா, தெள்ளாருக்கு மூட்டை கட்டுவானா என்பது தெரிந்துவிடும். ஸ்வர்ணலதா எதுவுமே நடக்காத மாதிரி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகத் திருமலை வாயெல்லாம் பல்லாக வந்து சேர்ந்தான்.

“மேனேஜர் தங்கமான மனுஷன் மேடம். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ‘இது காப்பி அடிச்ச டிசைன்னு சொல்றாங்களே?’ன்னு. அவருக்கு வந்துச்சே ரோஷம்! ‘யாரு சொன்னது? கைத்தறிக்காரன் இப்பதான் பாவே நீட்டறான், நாங்க பொடவையே எறக்கிட்டோம், பாரு’ன்னு போன்ல இருந்த படத்தக் காட்டினாரு. எங்க முதலாளி கண்ணால பாத்தாதான் நம்புவாருன்னு சொன்னேன். ஜல்தியா அனுப்பிட்டாரு.”

“முதலாளியா? நீதானே நாலு கடைக்கு முதலாளி?”

“ஆமா இல்ல! நல்ல வேள, அவருக்கும் அது தோணல. இன்னொண்ணு மேடம். அடுத்த மாசத்துலேந்து கைத்தறித் தெரு ஆளு ஒருத்தர் இங்க சூப்பர்வைசரா வர்றாராம். தரத்துக்கு அவரே பொறுப்பாம். பேரு கேட்டேன், சொல்லல.”

மூன்று தலைகளும் கைப்பேசி மேல் கவிழ்ந்தன. முழுப் படம். நடுவில் கருநீலமும் ரோஜாவுமாகப் பாவு. தெருவின் அந்தக் கோடியில், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, பாவின் மேல் குனிந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தான் ஒருவன். மஞ்சள் பனியன். திருமலை விரலால் படத்தைப் பெரிதாக்கினான்.

பனியன் முதுகில் எழுத்து தெரிந்தது. ‘தென்னரசு’. அதற்குக் கீழே ஏழாம் எண்.

“அட என் கபடி பனியன்!” என்று கத்தினான் தென்னரசு.

“முதுகுல பேரு, நம்பரு எல்லாம் போட்டு நிக்கிறியேடா!” என்று திருமலை ஆட்டோ கூரையில் தட்டினான். “இருபது வருஷ சர்வீஸ்ல இவ்ளோ வசதியான துப்பு எனக்குக் கெடச்சதே இல்ல. படத்துக்குள்ள நிக்கறவன் படத்த எப்படி எடுப்பான்?”

“உன் சர்வீஸே மூணு வருஷம்தான்” என்றார் ஸ்வர்ணலதா. ஆனாலும் அவர் முகத்திலும் சிரிப்பு.

தென்னரசுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முதலில் சொல்லவேண்டிய ஆள் ஒருவன்தான். உடனே அழைத்தான். “மச்சான்! நான் படத்துல இருக்கேன்டா! முழுப் படம் கெடச்சிட்டுது. அந்த மஞ்ச பனியன், முதுகுல என் பேரோட இழை முடிஞ்சிகினு நிக்கிறேன்டா!”

“முழுப் படமா?” என்று கேட்டது எதிர்ப்பக்கம். பிறகு, “சூப்பர் மச்சான். வா, பாத்துக்கலாம்” என்றான் பன்னீர்.

ஸ்வர்ணலதா இன்னும் படத்தை விடவில்லை. “தென்னரசு, இங்க வா. பாவோட இந்த முனை, கேமராவுக்குப் பக்கத்துல இருக்குதே, இதுல ஒரு கயிறு. அது கரண்டுக் கம்பத்துல கட்டியிருக்கு. இப்படித்தான் கட்டுவீங்களா?”

“இல்லீங்க மேடம். முதலாளி கம்பத்துல கட்டவே விடமாட்டாரு. திடீர்னு காத்து அடிச்சா கம்பம் விட்டுக் குடுக்குமா? இழை பட்டுனு போயிடும். ஆள் புடிச்சிருந்தா கொஞ்சம் தளர்த்திக் குடுப்பான். அதனால எப்பவும் கயிறு ஒரு ஆள் கையிலதான் இருக்கும். அந்தக் கோடியில நான், நடுவுல முதலாளியும் அவரு மருமகனும், இந்த முனையில...”

படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தான்.

படத்தில் முதலாளி இருந்தார். மருமகன் இருந்தார். கோடியில் அவன் இருந்தான். இந்த முனையில் கம்பம் மட்டும் நின்றது.

“இந்த முனையில யாரு?” என்றார் ஸ்வர்ணலதா.

“டீ குடிக்கப் போயிருப்பான் மேடம்.”

“யாருன்னு கேட்டேன்.”

“பன்னீர்.”

ஆறு வருஷமாக ஒவ்வொரு அமாவாசையும் பைக்கை ஓட்டிக்கொண்டு கூடவே வந்தவன் அவன். எந்தக் கல்லில் கால் வைத்து நிற்பது, கேமராவை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ‘ஏன் மச்சான் அங்கயே நிக்கற?’ என்று கேட்டபோது பெருமையாகச் சொல்லிக் கொடுத்தது தென்னரசுதான்.

“எங்கிட்ட வரலாம்னு யாரு சொன்னது?” ஸ்வர்ணலதாவின் குரல் இப்போது மெதுவாக இருந்தது. “ஊர்ல போலீஸ் இருக்கு, வக்கீலுங்க இருக்காங்க.”

“அவன்தாங்க. இந்த மாதிரி விஷயத்துக்கு நீங்கதான் சரின்னான்.”

திருமலை சங்கிலியைக் கழற்றிக்கொண்டே சொன்னான். “மேடம், மனசத் தேத்திக்குங்க. அந்தப் பன்னீரு நம்மள நம்பி வரல. மாப்பிள பாக்கறவங்களுக்கு இன்னா தெரியப் போவுதுன்னு நம்மள நம்பாமத்தான் வந்திருக்காரு.”

சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஸ்வர்ணலதாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஆட்டோவ எடு” என்றார். “போன்ல எல்லாத்தையும் சொல்லியாச்சு. அவன் அங்க சும்மாவா உக்காந்திருப்பான்?”

சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சங்கக் கட்டடத்தில் அவர்கள் நுழைந்தபோது பன்னீர் நின்று பேசிக்கொண்டிருந்தான். கூட்டம் மொத்தமும் தென்னரசின் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் இருந்த சுப்பராயலு அவனைப் பார்க்க விரும்பாமல் தரையைப் பார்த்தார்.

“என் சிநேகிதன்தான், இல்லேங்கல” என்றான் பன்னீர். குரலில் அப்படி ஒரு வருத்தம்! “ஆனா தெரு முக்கியமா, சிநேகிதம் முக்கியமா? படத்துல மஞ்ச பனியன் போட்டுகினு ஒருத்தன் நிக்கறான், அது நான்தான்னு இவன் வந்து சொல்லுவான். அன்னிக்கு அந்த பனியனப் போட்டிருந்தது நான். குளிருதுன்னு இவன்கிட்ட வாங்கிப் போட்டேன். கோடியில நின்னது நான், கயிறு புடிச்சது இவன். கயிற கரண்டுக் கம்பத்துல கட்டிட்டு இவன்தான் போட்டோ எடுத்தான்.”

படம் எடுத்தவன் பன்னீர் என்பதைக்கூட வழியெல்லாம் தென்னரசு எப்படியோ விழுங்கிக்கொண்டு வந்திருந்தான். இதை விழுங்க முடியவில்லை. சந்தோஷத்தைச் சொல்ல முதலில் அழைத்த அழைப்பை வைத்தே என் கழுத்தில் கயிறு போடுகிறானே!

“கம்பத்துல கட்டினத நீங்க பாத்தீங்களா?” என்று ஸ்வர்ணலதா முன்னால் போனார்.

“பாத்தேன் மேடம்.”

“இங்க எல்லார்கிட்டயும் இருக்கறது வெட்டின படம். அதுல கம்பமும் இல்ல, கயிறும் இல்ல. முழுப் படம் என் கையில மட்டும்தான் இருக்கு. அதுல கோடியில நிக்கறவரு முதுகக் காட்டிகினு நிக்கறாரு.”

“முதுகுலயும் கண்ணு வெச்சிருக்காரு மேடம், கண்ணாடிதான் போடல” என்றான் திருமலை.

நாலைந்து பேர் சிரித்தார்கள். பன்னீர் சிரிக்கவில்லை. “கட்ட அவுக்கும்போது திரும்பிப் பாத்தேன்” என்றான் அவசரமாக.

“பாத்தீங்க. அப்புறம் ஏன் இன்னிக்குக் காலையில எங்க ஆபீஸ்ல வந்து, இவன் அந்த மாதிரி வேல செய்யவே மாட்டான்னு சொன்னீங்க?”

பன்னீர் “சிநேகிதனாச்சேன்னு” என்று முணுமுணுத்தான். கூட்டத்தில் பாதிப் பேர் அதையும் நம்புகிற மாதிரி தலையை ஆட்டினார்கள். ஊர்க்காரன் சொன்னால் ஊருக்குப் பொய்யும் இனிக்கும்!

ஸ்வர்ணலதா கைப்பேசியைச் சுப்பராயலுவிடம் நீட்டினார். “ஐயா, நீங்க பாத்துச் சொல்லுங்க.”

சுப்பராயலு படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார்.

“இந்த ஆளு இழைய முடிஞ்சிகினு இருக்கான்” என்றார் கடைசியில். “பன்னீரு, உன்ன என்னிக்காவது நான் இழைமேல கை வெக்க விட்டிருக்கனா?”

பன்னீர் மறுபடி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“கை வேர்க்கிறவன் பட்டத் தொட்டா அந்த எடம் கறையா நிக்கும். அதுக்காகத்தானேடா உன்னக் கயிறோட நிறுத்தினேன்? நீ இழைகிட்ட வந்திருந்தா நான் பக்கத்துலதானே நின்னுகினு இருந்தேன், அங்கயே ஒரு அறை விட்டிருக்க மாட்டனா?”

எல்லார் கண்ணும் பன்னீரின் கைக்குப் போயிற்று. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“ஆமா!” என்று கத்தினான் திடீரென்று. “எங்கப்பன், தாத்தன் எல்லாம் இந்தத் தெருவுல பட்டு நெய்தவங்க. நான் கொண்டாந்து விட்ட பய இழை புடிக்கறான், நான் மாட்டுக்காரன் மாதிரி கயிறு புடிக்கறேன். அங்க ஷெட்டுல என்னைய சூப்பர்வைசரா உக்கார வெக்கறேன்னாங்க. போவேன், அதுல இன்னா தப்பு?”

“போறதுன்னா நீ போயிருக்கலாமேடா” என்றான் தென்னரசு. அவனுக்கே கேட்காத குரலில்தான் சொன்னான். “என் எடத்துல நின்னு ஏன்டா எடுத்தே?”

பன்னீர் அவனைப் பார்த்தான். “வேற யாரு மேல போட்டாலும் தெரு நம்பாதுடா” என்றான். சாதாரணமாக, கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். “நீ வெளியாளு. உனக்குத் தறி போனா இன்னா? கேமரா இருக்குது, பொழச்சிப்பே.”

நாலு பேர் அவனைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருத்தன் செருப்பைக்கூட எடுத்தான். காலையில் தென்னரசைப் பார்த்துத் துப்பியதும் அவன்தான். இப்போது அவனே திரும்பி வந்து, “மனசுல வெச்சிக்காதப்பா, எங்களுக்கு அப்பவே ஒரு டவுட்டுதான்” என்று தென்னரசின் முதுகில் தட்டினான்.

“சந்தேகப்பட்டவரு கொஞ்சம் சத்தமா பட்டிருக்கலாம்” என்றான் திருமலை. ஸ்வர்ணலதா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

சுப்பராயலு எழுந்து வந்தார். கும்பிடப் போனவர், பாதியில் கையை இறக்கித் தென்னரசின் கையைப் பிடித்துக்கொண்டார். “தப்புப் பண்ணிட்டேன்பா. உன் தறி உனக்குத்தான். வேற நிறம் யோசிச்சி வெச்சிருக்கேன், அத வெச்சி இந்த ஆர்டரத் திருப்பிப் புடிக்கணும். நாளைக்குக் காலையிலயே பாவு நீட்டிடலாம்.”

“சரிங்க முதலாளி.”

“கயிறு புடிக்கத்தான் ஆள் இல்ல. இனிமே நான் பாத்து யாரையும் போடல. நீயே சொல்லு. உனக்கு நம்பிக்கையான ஆளா ஒருத்தன் பேரச் சொல்லு, அவனையே நிறுத்திடலாம்.”

தென்னரசு நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தான். எல்லாம் தெரிந்த முகங்கள். ஒருத்தன் கல்யாணத்துக்கு இவன் பந்தியில் பரிமாறியிருக்கிறான், இன்னொருத்தன் அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்துச் சிரித்த முகமாக நின்றார்கள்.

“சொல்லுப்பா” என்றார் சுப்பராயலு.

அவன் யோசித்துக்கொண்டே நின்றான். ஒரு பெயர்கூட வரவில்லை.